தசையின் தலைவன் என்று நான் எழுதி வைத்திருந்த பரம்பரையலகு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மேல்மாடி அறையில், பதினெட்டு ஆண்டுகளாக உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். அந்தக் காலத்தில் என் குறிப்புக் கொப்பியை மூன்று முறை அடியிலிருந்து நுனிவரை திருத்தி எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வசனம் மட்டும் மூன்று முறையும் எழுத்துப் பிசகாமல் பழைய கொப்பியிலிருந்து புதிய கொப்பிக்கு இறங்கி வந்திருந்தது: "தசை உருவாக்கத்துக்குத் தலைமைப் பரம்பரையலகு ஒன்று உண்டு, முலையூட்டிகளில் அது மயோடி, பழ ஈயில் அதற்கு இணையானது நோட்டிலஸ்." பாடத்திட்டத்தில் கேட்கப்படாத விடயம் என்பதால் அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை வகுப்பில், பின்வரிசையில் வழக்கமாகப் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளை அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், அப்பிடியெண்டா அந்த ஜீன் இல்லாத ஈ தசையே இல்லாமத்தானே பொரிக்கும்?" என்று கேட்டாள். வசனம் சொல்வதிலிருந்து இயல்பாகப் பிறக்கும் கேள்விதான் அது. நானும் யோசிக்காமல், "ஓம், அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அன்று இரவு, சொன்னது சரிதானா என்று பார்ப்போம் என ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்தபோதுதான் தெரிந்தது: நான் சொன்ன பதில் பிழை, பிழை எனக் காட்டிய ஆய்வுக்கு இருபது வயதுக்கு மேலாகிவிட்டது.

என் வசனம் வெறுங்கையில் முளைத்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1987இல் ரொபர்ட் டேவிஸ், ஹரோல்ட் வைன்ட்ரோப், அன்ட்ரூ லாசர் ஆகிய மூவரும் எலியின் நாரரும்பர்க் கலங்களுக்குள் மயோடியின் பிரதியைச் செலுத்தினார்கள். இணைப்பிழையக் கலமாக இருந்தவை தசையரும்பர்க் கலங்களாக, அதாவது தசையாகப் போகும் இளங்கலங்களாக, மாறின. ஒரேயொரு பரம்பரையலகு ஒரு கலத்தின் தலையெழுத்தை மாற்றிவிட்டது என்ற செய்தி அந்நாளில் எவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் நிறமிக் கலம், கொழுப்புக் கலம், நரம்புக் கலம், ஈரற்கலம் ஆகியவற்றிலிருந்து வந்த கல வரிசைகளிலும் அது தசைக்குரிய புரதங்களை எழுப்பிக் காட்டியது. தலைமை என்ற சொல் அப்போது ஒட்டிக்கொண்டது.

மயோடி ஆக்கும் புரதம் ஒரு பிரதியெடுத்தற் காரணி. அதாவது, டி.என்.ஏ. இழையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் போய் அமர்ந்து, அருகிலுள்ள பரம்பரையலகைப் பிரதியெடுக்கச் செய்யும் புரதம். அது தேடும் இடம் ஆறெழுத்து நீளமானது: தொடக்கத்தில் சி, ஏ; முடிவில் டி, ஜி; நடுவில் வரும் இரண்டெழுத்து எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு சிறிய சொல் டி.என்.ஏ. முழுவதும் இலட்சக்கணக்கான இடங்களில் தற்செயலாகவே வந்துவிடும். ஆகவே எந்த இடத்தில் அமர்வது, அமர்ந்து என்ன செய்வது என்பதைக் காரணி மட்டும் தனித்து முடிவெடுப்பதில்லை. அது தனியாகவும் அமராது, இன்னொரு புரதத்தோடு சோடி சேர்ந்தே அமரும். பழ ஈயில் நோட்டிலஸுக்கு அந்தச் சோடி, பெண்பிள்ளை தங்காத தாய் ஈக்களின் காரணமாக 'மகளற்றது' என்று பொருள்படப் பெயரிடப்பட்ட பரம்பரையலகின் புரதம். இந்த ஒரு விபரத்தையாவது நான் ஆறுதலாக யோசித்திருந்தால் 'தலைமை' என்று அவ்வளவு துணிந்து எழுதியிருக்க மாட்டேன்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழ ஈ ஆய்வாளர்கள் ஒரு பரம்பரையலகு கெட்டால் என்ன குறை தெரிகிறதோ அந்தக் குறையையே அதற்குப் பெயராக வைப்பது வழக்கம். சிறகில்லாத ஈயைத் தந்தது அப்டரஸ், அதாவது சிறகற்றது. சிறகோரத்தில் வெட்டு விழுந்த ஈயைத் தந்தது நொச், அதாவது வெட்டு. முதலில் குறை, பிறகு பரம்பரையலகு என்பதே அங்கே வரிசை. நோட்டிலஸ் இந்த வாசலால் வரவில்லை. முள்ளந்தண்டுளிகளின் மயோடியை ஒத்த வரிசை ஈயிலும் இருக்கிறதா என்று தேடிப் பிடித்தே அதைக் கண்டார்கள். 1990இல் ஒரு குழுவும் 1991இல் இன்னொரு குழுவும் அதை விவரித்தன. ஆக, அது இல்லாத ஈ எப்படி இருக்கும் என்பதை எவரும் பார்ப்பதற்கு முன்பே, அதற்கு இன்ன வேலை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதன் தலையில் ஏறிவிட்டது.

1980இல் கிறிஸ்டியன் நுஸ்லைன்-வோல்ஹார்டும் எரிக் வீஷாவுஸும் முளையம் இறந்துபோகும் விகாரங்களை, அதாவது பரம்பரையலகு கெட்ட மாற்றங்களை, திரட்டிப் பதிப்பித்த பெருந்தேடலில் ஏன் நோட்டிலஸ் அகப்படவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். அவர்கள் பார்த்தது இறந்த முளையங்களின் புறத்தோலில் தெரிந்த கோலத்தை. முளையம் இறக்காத விகாரமோ, இறந்தும் புறத்தோலில் குறிகாட்டாத விகாரமோ அந்த வலையில் விழாது. டுவிஸ்ட் என்ற பரம்பரையலகு விழுந்தது, ஏனென்றால் அது கெட்டால் முளையத்தில் தசை பிறக்கும் நடுப்படையே உருவாகாது. உடல் முழுதும் முறுக்கிக்கொள்ளும்.

1990ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது. நோட்டிலஸ் தசையாகப் போகும் எல்லாக் கலங்களிலும் தோன்றவில்லை. ஒவ்வொரு துண்டத்திலும் சில குறிப்பிட்ட கலங்களில் மட்டும், பின்னர் வரப்போகும் தசைக் கோலத்தை முன்கூட்டியே புள்ளி வைத்துக் காட்டுவதுபோலத் தோன்றியது. எல்லாத் தசைக்கும் தலைவன் என்றால் எல்லா இடத்திலும் இருந்திருக்க வேண்டாமா? அந்தக் கேள்வியை அன்று பலரும் ஒத்திவைத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

கெடுத்துப் பார்க்கும் வேலை 1999இல் புதிய கருவியோடு வந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஆர்.என்.ஏ. தலையீடு என்ற முறை அறிவிக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டவர்களுக்குப் பின்னர் 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஈரிழை ஆர்.என்.ஏ.யை முளையத்துக்குள் ஊசியால் ஏற்றி நோட்டிலஸை அடக்கியபோது தசைக் கோலம் குலைந்தது என்று புரூஸ் பற்றர்சனின் ஆய்வகம் எழுதியது. எதிர்பார்த்ததும் அதுவே என்பதால் ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருந்திராது. ஆனால் சூசன் அப்மையரின் குழு 2001இல் பரம்பரையலகையே நிரந்தரமாகக் கெடுத்த ஈ வரிசைகளை உருவாக்கி வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: முளையத் தசை உருவாக்கத்துக்கோ ஈ உயிர்வாழ்வதற்கோ நோட்டிலஸ் இன்றியமையாததன்று, பாதிப்பு ஒரு சில குறிப்பிட்ட தசைகளோடு நின்றுவிடுகிறது. பற்றர்சனின் ஆய்வகம் 2007இல் தன் பக்கத்திலிருந்து பரம்பரையலகைக் கெடுத்துப் பார்த்து, தாபகக் கலங்களின் ஒழுங்கான அமைப்புக்கு நோட்டிலஸ் வேண்டும் என்று மீண்டும் வாதிட்டது. பாதிப்பு எவ்வளவு பெரியது என்பதில் இரு பக்கமும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. ஆயினும் என் மாணவி கேட்ட 'தசையே இல்லாத ஈ' இந்த நோட்டிலஸ் விகாரங்களில் எதிலும் பொரிக்கவில்லை.

தாபகக் கலம் என்றேனே, உண்மையான விடயம் அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் தாபகர் இருப்பதுபோல, பழ ஈக் குடம்பியின் (முட்டையிலிருந்து வரும் புழுவின்) ஒவ்வொரு தசைக்கும் ஒரு தாபகக் கலம் உண்டு. வயிற்றுத் துண்டம் ஒன்றின் ஒரு பக்கத்தில் முப்பது தசைகள். ஒவ்வொன்றும் ஒரேயொரு நீண்ட கலம், அதற்குள் பல கருக்கள். நம் புயத்துத் தசை ஒன்றில் இலட்சக்கணக்கான நார்கள் கட்டாக இருக்கும்; அங்கே ஒரு தசை என்றால் ஒரு நார், அவ்வளவுதான். முப்பதுக்கும் முகவரிபோலப் பெயர் வைத்திருக்கிறார்கள்: முதுகுப்புறச் சாய்வு ஒன்று, இரண்டு, பக்கக் குறுக்கு ஒன்று முதல் நான்கு, வயிற்றுப்புற நெடுக்கு ஒன்று முதல் நான்கு என்றவாறு. ஒழுங்கை இலக்கத்தை வைத்தே வீடு தேடும் வெள்ளவத்தைக்காரருக்கு இதில் அந்நியமாக எதுவும் இராது.

இந்த முப்பதும் தோன்றும் விதம் இதுதான். முதலில் நடுப்படையில் ஒரு சிறு கூட்டம் கலங்கள் சமதகுதியோடு நிற்கும். நொச் என்ற புரதத்தின் ஊடாக அவை ஒன்றையொன்று அடக்கும். அந்த இழுபறியில் ஒன்று மட்டும் முன்னோடிக் கலமாக எழும்ப, மற்றவை பின்வாங்கும். முன்னோடி ஒரு தடவை பிரியும். பிரியும்போது நம்ப் என்ற புரதம் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒரு மகட்கலத்துக்கு மட்டுமே போய்ச்சேரும். ஆகவே ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு தாபகக் கலங்கள் பிறக்கும்போதே வேறுவேறு குணத்தோடு பிறக்கின்றன. பின்வாங்கிய கலங்கள் வீணாவதில்லை. அவை பெயரற்ற தசையரும்பர்களாகச் சுற்றி நின்று, தாபகக் கலம் ஒன்றோடு ஒன்றாகக் கலந்து அதன் உடம்பைப் பெருக்குகின்றன. சில தசைகளில் இரண்டு மூன்று கலங்களே சேரும். பெரிய தசைகளில் இருபதுக்கும் மேலே போகும். வந்து சேரும் கலத்தின் கரு, தாபகர் எந்தத் தசையாக இருக்கத் தீர்மானித்திருந்தாரோ அந்தத் தசையின் குணத்தையே ஏற்றுக்கொள்கிறது.

தீர்மானம் தாபகரிடமே இருக்கிறது என்பதற்கு மிக அழகான சான்று 1995இல் கிடைத்தது. ஒரு விகாரத்தில் கலங்கள் ஒன்றோடொன்று கலக்கவே முடியாமல் போயிற்று. தசையரும்பர்கள் இணையாமல் கூட்டமாகக் குவிந்து கிடந்தமையால் அந்தப் பரம்பரையலகுக்கு 'தசையரும்பர் நகரம்' என்று பெயரிட்டார்கள். அங்கே தாபகக் கலங்கள் என்ன செய்தன? உதவிக்கு ஒரு கலமும் வராத நிலையிலும், ஒற்றைக் கருவோடு, நூல்போல மெலிந்து, தனக்குரிய இடத்தில் தனக்குரிய திசையில் நீண்டு, புறத்தோலில் தனக்குரிய இரு முனைகளையும் பற்றிக்கொண்டன. இதை வாசித்த இரவில் நித்திரை கொள்ள நேரமாயிற்று.

சரி, தாபகருக்கு அந்தத் தீர்மானத்தைக் கொடுப்பது யார்? இங்கேதான் தலைவன் என்ற எண்ணம் கரைந்துபோகிறது. ஒவ்வொரு தாபகக் கலத்திலும் சில பிரதியெடுத்தற் காரணிகள் ஒரு குறிப்பிட்ட சேர்க்கையில் விழித்திருக்கும். ஒன்றில் ஈவன்-ஸ்கிப்ட், இன்னொன்றில் எஸ்59, பக்கக் குறுக்குத் தசைகளில் அப்டரஸ், வேறு சிலவற்றில் குருப்பெல், அவற்றிடையே சிலவற்றில் நோட்டிலஸ். சிறகுக்குப் பெயர்போன அப்டரஸை எடுத்துக்கொள்ளுங்கள்: அது கெட்டால் அந்தப் பக்கத் தசைகளில் சில காணாமற்போகும், நடுப்படையில் அளவுக்கு மீறி எழுப்பினால் அதே சாயலில் மேலதிகத் தசைகள் முளைக்கும். குருப்பெல் இல்லாவிட்டால் ஒரு தசை அழிவதில்லை, தன் உடன்பிறப்பின் சாயலை எடுத்துக்கொண்டு இரட்டையாகிவிடுகிறது. நோட்டிலஸும் இந்த வரிசையில் ஒருவரே. அதை இதயமாகப் போகும் கலங்களில் வலிந்து எழுப்பினால் அங்கே தசைக்குரிய குணங்கள் தலைகாட்டுகின்றன. ஆகவே சக்தி இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கலத்தைத் தசையாக்கும் வல்லமை இருப்பதும், தசை உருவாக அது இல்லாமல் முடியாது என்பதும் இரண்டு வேறு கூற்றுகள். 1987இன் சோதனை முதலாவதைக் காட்டியது. நான் என் கொப்பியில் இரண்டாவதை எழுதி வைத்திருந்தேன்.

எல்லாத் தசைக்கும் உண்மையிலேயே வேண்டியது என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அது மெஃப்2. 1995இல் அதைக் கெடுத்துப் பார்த்தபோது உடற்சுவர்த் தசை, இதயத் தசை, குடற்றசை மூன்றும் முதிர்ச்சியடையவில்லை. ஆனால் அங்கேயும் தாபகக் கலங்கள் தோன்றிவிடுகின்றன. எந்தத் தசை என்ற முடிவு மெஃப்2இன் கையில் இல்லை. அது எல்லோருக்கும் ஒரே வேலையைச் செய்யும் காரணி. என் மாணவியின் கேள்விக்குக் கிட்டிய பதில் இதுவாக இருந்தும், நான் அவளிடம் சொன்ன பெயர் இது அன்று.

இவ்வளவையும் வாசித்த பிறகு, முப்பது தசைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஒளிரும் சாயங்களும் விலையுயர்ந்த நுணுக்குக்காட்டியும் என்னிடம் இல்லை. இருப்பது வகுப்புக்கு வாங்கிய சாதாரண நுணுக்குக்காட்டி, அதுவும் கடற்காற்றில் வில்லையோரம் பூஞ்சணம் பிடித்தது. ஆனால் தசைக்கு ஒரு நற்குணம் உண்டு: புரத இழைகள் ஒரே திசையில் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் அது ஒளியை இரட்டை முறிவுக்கு உட்படுத்தும். முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியில், வைத்தால் சாயமே இல்லாமல் மின்னும். அதற்கு வேண்டியவை முனைவாக்கித் தாள் இரண்டு துண்டுகள். புறக்கோட்டையில் கைத்தொலைபேசி திருத்தும் ஒரு சிறு கடையில், கழித்துப் போட்ட திரைகளின் மேலிருந்து அந்தத் தாளை உரித்துத் தரும்படி கேட்டேன். கடைக்காரத் தம்பி, "இத வச்சி என்ன செய்யப் போறீங்க மிஸ்?" என்றார். "புழுவின்ர தசை பார்க்கப் போறன்" என்றேன். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காசு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ஈக்களுக்குக் குறைவில்லை. கறுத்துப்போன கதலிப்பழம் ஒன்றை ஜாம் போத்தலில் மசித்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, குசினி யன்னலோரம் வைத்தால் மாலைக்குள் வந்துவிடுகின்றன. பழத்தைச் சுற்றும் எல்லா ஈக்களும் ஆய்வகத்து இனமாகவே இருப்பதில்லை. ஆனால் நெருங்கிய உறவினங்களில் தசைக் கோலம் ஏறத்தாழ ஒன்றே. கொழும்பு வெக்கையில் முட்டையிலிருந்து வளர்ந்த ஈ வரை பத்து நாள் அளவில் முடிந்துவிடும்; ஐந்தாம் ஆறாம் நாளில் கண்ணாடிச் சுவரில் ஏறத் தொடங்கும் கொழுத்த குடம்பிகள்தான் எனக்கு வேண்டியவை. ஒன்றைத் தூரிகை நுனியால் எடுத்து, கை பொறுக்காத சூட்டுநீரில் சில கணம் போட்டேன். அது நீட்டி நிமிர்ந்து அசைவற்றுப் போயிற்று. வழுக்கியில் ஒரு துளி நீரில் வைத்து, மூடுகண்ணாடி போட்டு, ஒரு தாளை வழுக்கிக்குக் கீழும் மற்றதை மேலும் வைத்தேன். மேல்தாளைச் சுழற்றச் சுழற்றப் பின்புலம் மங்கி, ஒரு கட்டத்தில் முழு இருளாயிற்று.

அந்த இருளில் குடம்பி மட்டும் ஒளிர்ந்தது. நாலு மில்லிமீற்றர் உடம்பின் நீளவாட்டில் வெள்ளிப் பட்டைகள், துண்டத்துக்குத் துண்டம் அறுந்து அறுந்து தொடர்ந்தன. பக்கவாட்டில் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகளை எண்ணினேன், நான்கு. அப்டரஸின் பக்கக் குறுக்குத் தசைகள். ஆனால் சாய்வுத் தசைகளைக் காணோம். முதலில் என் குவியம் பிழை என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: முனைவாக்கியின் திசைக்கு நேராகக் கிடக்கும் நார் ஒளிராது. வழுக்கியை அரைச் செங்கோணம் அளவு திருப்பினேன். நெடுக்கும் குறுக்கும் அணைந்தன. அவை இருந்த இடங்களுக்கு ஊடாக, இதுவரை தெரியாமலிருந்த சாய்வுத் தசைகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நோட்டிலஸ் விழித்திருந்திருக்கக்கூடிய தசைகள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தன. உருப்பெருக்கத்தைக் கூட்டியபோது ஒவ்வொரு பட்டையும் ஒளியும் இருளுமாக மாறி மாறிக் கீறியதுபோலத் தெரிந்தது. நாரின் சுருங்கும் அலகுகளான தசைப்பாத்துகளில் ஒளிர்வது ஏ பட்டை, இருண்டிருப்பது ஐ பட்டை. அந்த ஏயும் ஐயும் முனைவாக்கிய ஒளியில் அவை நடந்துகொள்ளும் விதத்தைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகள் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கண்டது அன்றுதான்.

குடம்பி முட்டையிலிருந்து வரும்போது அரை மில்லிமீற்றர் அளவே இருக்கும். அன்று இருந்த அதே முப்பது தசைகள், புதிய கலமோ புதிய கருவோ சேராமலே, இந்த நீளத்துக்கு வளர்ந்திருக்கின்றன. பின்னர் கூட்டுப்புழுவில் இவற்றில் பெரும்பாலானவை கரைந்து, பறக்கும் தசைகள் வேறு கலங்களிலிருந்து புதிதாக வரும், அது தனிக்கதை.

அடுத்த சனிக்கிழமை, அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது பிழை என்று வகுப்பில் எல்லோர் முன்னிலும் சொன்னேன். நுணுக்குக்காட்டியை மேசையில் வைத்து, வழுக்கியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கொப்பியின் பழைய வசனத்தை வெட்டி, "நோட்டிலஸ், ஈயின் சில தசைகளுக்கு அடையாளம் கொடுக்கும் காரணிகளுள் ஒன்று" என்று எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள். "அப்ப எலிக்கு மயோடி கட்டாயம் வேணுமா மிஸ்?"

இந்த முறை பதில் வாசித்து வைத்திருந்தேன். வேண்டாம். 1992இல் மயோடி இல்லாத எலியை உருவாக்கினார்கள். அதன் தசைகள் ஏறக்குறைய வழமைபோலவே இருந்தன. முள்ளந்தண்டுளிகளிடம் அந்தக் குடும்பத்தில் நான்கு பரம்பரையலகுகள் இருக்கின்றன. மயோடி இல்லாதபோது அவற்றுள் இன்னொன்றான மிஃப்5 கூடுதலாக விழித்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. இரண்டையும் ஒன்றாகக் கெடுத்தபோதுதான், 1993இல், எலும்புத் தசையே இல்லாத எலி பிறந்தது. ஈயிடம் அந்த நான்குக்கும் சேர்த்து இருப்பது நோட்டிலஸ் ஒன்று மட்டும்தான், அப்படியிருந்தும் அது இல்லாமல் ஈ சமாளிக்கிறது என்று சொன்னேன். அவள் அதையும் கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.